செய்திச் செயலிகளும் அந்தரங்கக் காப்பும்

ஓலையைச் சுருட்டிக் கட்டி முத்திரையிட்டு அனுப்பிய காலத்திலும், அதனைக் கொண்டுசெல்லும் தூதன் வழியிற் பிரித்துப் படிப்பானோ என்னும் ஐயம் அனுப்பியோனை விட்டு அகன்றதில்லை. திருக்குறளில் ஒற்றாடல் என ஓர் அதிகாரம் அமைந்திருத்தல், பிறர் மறைப்பதை அறிதல் அரசியலின் ஓர் உறுப்பாகவே கொள்ளப்பட்டதைக் காட்டும். பிற்காலத்தில் அஞ்சலட்டையும் ஒட்டிய உறையும் ஒருங்கே வழங்கின. அட்டையில் எழுதியதை இடையிலுள்ளோர் படிக்கலாம் என்பது யாவரும் அறிந்ததாதலின், அட்டைக்கு உரியது எது, உறைக்கு உரியது எது என்பதை மக்கள் தாமே வரையறுத்துக்கொண்டனர். இன்றைய கைத்தொலைபேசிச் செயலிகளைப் பொறுத்தவரை அவ்வரையறை பலர்க்குத் தெளிவாக இல்லை. எது அட்டை, எது உறை என்பதை அறியாமலே வைத்தியசாலை அறிக்கை முதலாகக் கலியாணப் பேச்சு ஈறாக எல்லாம் அவற்றினிடம் ஒப்படைக்கப்படுகின்றன.

வட்ஸ்அப்பில் ஒருவரோடு புதிதாக உரையாடத் தொடங்கின், அவ்வுரையாடல் முனைக்கு முனை மறைகுறியாக்கம் பெற்றுள்ளதென ஓர் அறிவிப்புத் தோன்றும். பெரும்பாலோர் அதனைப் படிப்பதில்லை. படித்தோருள்ளும் ஒரு சாரார் அதனை வெறும் விளம்பரம் என்பர். மற்றொரு சாரார் இனி உலகில் எவராலும் அறிய இயலாதென அமைதியுறுவர். இவ்விரு கொள்கையும் பொருந்தா. ஏன் பொருந்தா என்பதை அறிதற்கு அம்மறைகுறியாக்கத்தின் இயல்பைச் சிறிது விரித்து நோக்கல் வேண்டும்.

இருவர் மறைவாகச் செய்தி பரிமாற வேண்டின், அதற்குரிய திறவுகோலை முன்னரே நேரிலோ நம்பத்தகுந்த தூதன் வாயிலாகவோ பகிர்ந்துகொள்ளல் வேண்டும் என்பதே நெடுங்காலம் நிலவிய கருத்து. 1976ஆம் ஆண்டில் விற்பீல்ட் டிபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வெளியிட்ட கட்டுரை அக்கருத்தை மாற்றியது. அதன் வழி வளர்ந்த முறையை ஓர் உவமையால் விளக்கலாம். ஒருவன் தன்னிடமுள்ள திறவுகோல் ஒன்றினால் மட்டும் திறக்கத்தக்க பூட்டுகள் பலவற்றைச் செய்து, அவற்றைத் திறந்தபடியே சந்தியில் வைத்துவிடுகிறான். அவனுக்குச் செய்தி அனுப்ப விரும்புவோர் ஒரு பூட்டை எடுத்துப் பெட்டியைப் பூட்டி அனுப்பலாம். பூட்டியவரே மீண்டும் அதனைத் திறக்க இயலாது. பூட்டுச் சந்தியிற் கிடந்தது. திறவுகோலோ வீட்டைவிட்டு வெளியேறவேயில்லை.

சிக்னல் என்னும் செயலியின் பொருட்டு மொக்ஸி மார்லின்ஸ்பைக், ட்ரெவர் பெரின் ஆகியோர் அமைத்த நெறிமுறை இதனை மேலும் செப்பனிட்டது. அதில் ஒவ்வொரு செய்திக்கும் வெவ்வேறு திறவுகோல் பிறக்கின்றது, பயன்பட்டது அழிக்கப்படுகின்றது. ஆதலின் இன்று ஒரு திறவுகோல் களவு போயினும், நேற்றுக் கம்பியில் இடைமறித்துச் சேர்த்து வைத்த பெட்டிகள் அதனால் திறவா. வட்ஸ்அப் இந்நெறிமுறையையே மேற்கொண்டு, 2016ஆம் ஆண்டு ஏப்பிரலில் தன் உரையாடல்கள் யாவற்றுக்கும் விரித்தது. எனவே, கம்பனியின் வழங்கியூடாகச் செல்லும் செய்தியின் உள்ளடக்கத்தை அக்கம்பனியே படிக்க இயலாது என்பது வெறும் விளம்பரம் அன்று.

ஆயினும் சந்தியிற் பூட்டுகளை வைத்திருப்பவர் யார் என்னும் வினா எழும். அது கம்பனியே. இன்னார் பூட்டு இதுவெனக் கூறி வேறொரு பூட்டை அது நீட்டுமாயின், அனுப்புவோன் அறியமாட்டான். இதற்காகவே ஒவ்வோர் உரையாடலுக்கும் 60 இலக்கங்கொண்ட பாதுகாப்பு எண் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. இருவரும் நேரிற் சந்தித்து அதனை ஒப்புநோக்கின் ஐயம் நீங்கும். அங்ஙனம் ஒப்புநோக்கியோரைக் காண்டல் அரிது. அன்றியும், சிக்னலின் மூலநிரல் எவரும் ஆராயும்படி வெளியிடப்பட்டுள்ளது. வட்ஸ்அப்பின் நிரல் அவ்வாறு வெளியிடப்படவில்லை. பூட்டு ஒன்றாயினும், பெட்டி செய்த தச்சனை நம்பவேண்டிய அளவு வேறுபடும்.

ரெலிகிராமின் நிலை வேறு. 2013இல் டூரோவ் சகோதரர் தொடக்கிய அச்செயலி இரகசியம் மிக்கது என ஊரெங்கும் பெயர் பெற்றுள்ளது. உண்மையில் அதன் சாதாரண உரையாடல்கள் கம்பனியின் வழங்கிகளில் தங்குகின்றன. அவற்றின் திறவுகோலும் கம்பனியிடமே உண்டு. முனைக்கு முனை மறைப்பு வேண்டுவோர் இரகசிய உரையாடல் என்பதைத் தாமே தேர்ந்து தொடங்கல் வேண்டும். குழுக்களுக்கோ அவ்வசதி அறவே இல்லை. 2024 ஓகத்தில் பாவெல் டூரோவ் பிரான்சிற் கைது செய்யப்பட்டார். அடுத்த மாதமே, சட்டப்படியான கோரிக்கை வரின் பயனரின் தொலைபேசி எண்ணையும் இணைய முகவரியையும் அதிகாரிகளுக்கு வழங்கலாம் எனக் கம்பனியின் விதி திருத்தப்பட்டது. ஒரு செயலிக்கு வாய்க்கும் பெயர் அதன் அமைப்பிலிருந்து பிறப்பதினும் ஊரார் வாய்மொழியாற் பிறப்பதே பெரும்பான்மை போலும்.

இனி, பூட்டிய பெட்டியின் படியொன்று பூட்டாத அலுமாரியிற் கிடக்குமாயின் பூட்டினால் யாது பயன்? தொலைபேசி தொலைந்தாலும் செய்தி தொலையாதிருக்கும் பொருட்டுக் கூகுள், அப்பிள் ஆகியவற்றின் களஞ்சியங்களிற் காப்புப்படி வைக்கும் வழக்கம் உண்டு. அமெரிக்க அரசியலாலோசகர் போல் மனபோர்ட்டின் வட்ஸ்அப் செய்திகளை 2018இல் வழக்குத் தொடுநர்கள் பெற்றது மறைகுறியை உடைத்தன்று. அவரது அப்பிள் களஞ்சியக் கணக்கும் அதற்கு வழியாயிற்று. வட்ஸ்அப் 2021 ஒற்றோபரில் காப்புப்படியையும் மறைகுறியாக்க வழிசெய்தது. எனினும் பயனர் அதனைத் தாமே இயக்கல் வேண்டும். ஒருவர் இயக்கினும், மறுமுனையில் உள்ளவர் இயக்காராயின் அதே உரையாடல் அவர் களஞ்சியத்தில் திறந்து கிடக்கும்.

பலரும் எண்ணிப் பாராத செய்தி உறையின் மேல் எழுதிய முகவரி பற்றியது. உள்ளடக்கம் மறைந்திருப்பினும், யார் யார்க்கு, எந்நேரத்தில், எத்துணை முறை, எவ்விடத்திலிருந்து அனுப்பினார் என்பன மறையா. ஒரு பெண் நள்ளிரவில் தமையனுக்கும், விடியலில் ஒரு வழக்கறிஞருக்கும், அன்று நண்பகலில் மகளிர் இல்லம் ஒன்றுக்கும் செய்தி அனுப்புகிறாள் எனக் கொள்வோம். அவள் எழுதியதில் ஓரெழுத்தையும் படியாமலே அவள் இல்லத்தில் நிகழ்ந்ததை ஊகிக்கலாம். அவளுக்கு ஆபத்து விளைப்பதும் அவ்வூகமே.

இவ்வகையிற் செயலிகளுக்கிடையே உள்ள வேறுபாடு பெரிது. 2016இல் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் நடுவர் குழுவொன்றின் ஆணைப்படி சிக்னலை நடத்துவோரிடம் ஒரு கணக்குப் பற்றிய விவரம் கோரப்பட்டபோது, அவர்கள் அளிக்க முடிந்தவை இரண்டே: கணக்குத் தொடங்கிய நேரமும், இறுதியாக இணைந்த நாளும். வேறெதனையும் அவர்கள் சேர்த்து வைக்கவில்லை. இல்லாததைக் கொடுக்க எவ்வாணையாலும் வற்புறுத்த இயலாது. வட்ஸ்அப்போ 2014 முதல், அக்காலத்திற் பேஸ்புக்கு எனப்பட்ட கம்பனிக்கு உரியது. இத்தகைய புறவிவரங்கள் பலவற்றைத் திரட்டுவது. பயனர் விவரங்களை எவ்வாறு கையாள்கின்றது என்பதைத் தெளிவாக உணர்த்தத் தவறியமைக்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழு 2021 செப்ரெம்பரில் அதற்கு 225 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது.

நிற்க. பெட்டியையும் பூட்டையும் தொடாமல், கடிதம் எழுதுவோனின் மேசைக்கடியில் ஒளிந்திருந்து படிக்கும் கள்வனும் உளன். இஸ்ரேலின் என்எஸ்ஓ கம்பனி ஆக்கிய பெகாசஸ் என்னும் வேவு மென்பொருள் அத்தகையது. 2019இல் வட்ஸ்அப்பின் அழைப்பு வசதியிலிருந்த ஒரு குறையைப் பயன்படுத்தி, ஏறத்தாழ 1,400 தொலைபேசிகள் தாக்கப்பட்டன. அழைப்பை ஏற்க வேண்டியதுமில்லை. அது வந்ததே போதும். பத்திரிகையாளரும் மனித உரிமைப் பணியாளரும் அதற்கு இலக்காயினர். உட்புகுந்த மென்பொருள், திரையிற் காணப்படுவதைத் தொலைபேசியின் உரிமையாளரைப் போலவே காணும். அந்நிலையில் எந்த மறைகுறியாக்கமும் உதவாது. இவ்வழக்கில் என்எஸ்ஓ கம்பனி பெருந்தொகை செலுத்தவேண்டும் என 2025 மே மாதத்தில் நடுவர் குழு தீர்ப்பளித்தது. பின்னர் நீதிபதி அத்தொகையைப் பெரிதும் குறைத்தார்.

அத்துணைப் பொருட்செலவில் ஒருவரை வேவு பார்ப்பார் சிலரே. ஊரில் நாள்தோறும் நிகழும் களவு எளியது. நண்பர் போலப் பேசி, குறுஞ்செய்தியில் வந்த 6 இலக்க எண்ணைக் கேட்பர். அதனைக் கொடுத்தவரின் கணக்கு அடுத்த நிமிடமே பிறர் கையில் இருக்கும். அக்கணக்கிலிருந்து உறவினர்க்கெல்லாம் பணம் கேட்டுச் செய்தி செல்லும். ஈரடுக்குச் சரிபார்ப்பு என்னும் இரகசிய எண்ணை முன்னரே அமைத்து வைத்திருப்பின் இக்களவு பெரும்பாலும் தடைப்படும். உரையாடல்களைக் கணினியில் இணைக்கும் வசதியும் இத்தகையதொரு வாயிலே. உக்ரேனியப் படையினரின் சிக்னல் கணக்குகளை ரஷ்யச் சார்பாளர்கள் இவ்வழியாற் பற்ற முயன்றதைக் கூகுளின் ஆய்வாளர் 2025 பெப்ரவரியில் வெளியிட்டனர். கணக்கோடு எவ்வெக்கருவிகள் இணைந்துள்ளன என்பதைச் செயலியின் அமைப்பிலேயே காணலாம்.

இலங்கையில் 2018 மார்ச்சிலும், 2019 ஏப்பிரலிலும், 2022 ஏப்பிரலிலும் சமூக ஊடகங்களும் செய்திச் செயலிகளும் முடக்கப்பட்டபோது, அரசு எல்லாவற்றையும் படிக்கின்றது என அஞ்சியோர் உளர். முடக்கல் வேறு, படித்தல் வேறு. வீதியை அடைப்பவன் பெட்டியைத் திறந்தானாகான். மூன்று குறிகள் தோன்றின் அரசு படித்துவிட்டது என்று பல நாடுகளில் உலாவிய வதந்தியும் பொய்யே; அத்தகைய குறி வட்ஸ்அப்பில் இல்லை.

பெறுநர் யார் என்பதைப் பொறுத்தவரை எந்நெறிமுறையும் காவல் செய்வதில்லை. 2025 மார்ச்சில் யேமனின் ஹூதிகள் மீது நிகழ்த்தவிருந்த தாக்குதல் பற்றி அமெரிக்காவின் உயர் அதிகாரிகள் சிக்னலில் ஒரு குழு அமைத்து உரையாடினர். தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மைக் வோல்ட்ஸ் அக்குழுவில் தவறுதலாக அட்லாண்டிக் இதழின் ஆசிரியர் ஜெப்ரி கோல்ட்பேர்க்கையும் சேர்த்துவிட்டார். மறைகுறியாக்கம் அன்று சற்றும் பிழைக்கவில்லை. விமானங்கள் புறப்படும் நேரம் உட்பட எல்லாச் செய்திகளும், இடையில் எவரும் படியாதபடி, அவ்வாசிரியரின் கைத்தொலைபேசியைப் பத்திரமாகச் சென்றடைந்தன.