எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்

திருவாரூரிலும் சீர்காழியிலும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. 12 முதல் 25 வயது வரை சேரலாம். 3 ஆண்டுப் படிப்பு, முடிவில் சான்றிதழ். சேர்க்கை விதியைக் கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டும். குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியத்துக்கு 7ஆம் வகுப்புத் தேர்ச்சி. நாதசுரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்.

இது சலுகைதான், மறுப்பதற்கில்லை. பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைக்கு ஒரு கதவு திறக்கிறது. ஆனால் அந்தச் சலுகைக்குள் ஒரு கருத்தியலும் இருக்கிறது: சபா மேடைக்குப் படிப்பு, கோயில் வாசலுக்குப் பழக்கம். தவில்காரர் பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு என்கிற பழைய பேச்சு இங்கே விதியாகியிருக்கிறது. கணக்கில்லாமல் தவில் ஏது? திஸ்ரம் முதல் சங்கீர்ணம் வரை ஐந்து நடையையும் கையில் வைத்துக்கொண்டு, கோர்வையைப் பிசகாமல் கொண்டுவந்து முடிப்பது மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் பொது.

சிக்கல் பிறகு வருகிறது. திருவையாறு அரசு இசைக்கல்லூரியில் பட்டம் படிக்க பிளஸ் டூ வேண்டும். தாராளமாக உள்ளே விடப்பட்ட பிள்ளை அந்தப் படியில் நின்றுபோகிறான்.

தகுதியை உயர்த்து என்று கேட்டால் இருக்கிற கதவும் மூடிப்போகும். கேட்க வேண்டியது வேறு: தவில் பழகுகிற அதே கட்டடத்திலேயே பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் சொல்லிக்கொடு.