ஜெனரேட்டர் சூடு: வீணாக்கவும் வேண்டாம், வினையாக்கவும் வேண்டாம்

கரண்ட் போனதும் மண்டபம், பாம்பன், ராமேசுவரம் பக்கத்து ஐஸ் கம்பெனிகளிலும் விடுதிகளிலும் டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் ஆற்றல் உண்டு. மின்சாரமாகக் கிடைப்பது மூன்று, மூன்றரை யூனிட்தான். மிச்சமெல்லாம் பெரும்பாலும் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறும் சூடு.

இந்தச் சூட்டுக்கும் மதிப்பு உண்டு. இதே மாவட்டத்து வழுதூர் எரிவாயு மின்நிலையம், டர்பைன் புகையின் வெப்பத்தில் நீராவி உண்டாக்கிக் கூடுதல் மின்சாரம் எடுக்கிறது. சிறிய இன்ஜினிலும் வழி இருக்கிறது. லிட்டருக்கு இரண்டு யூனிட் சூட்டைப் பிடித்தாலே 50 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்றலாம். மீன் பெட்டி கழுவ உதவும். ஆனால் தினமும் பல மணி நேரம் ஓடும் இன்ஜினுக்கே சூட்டைப் பிடிக்கும் கருவிக்கான செலவு கட்டுபடியாகும்.

எங்கே ஆபத்து?

உப்புத் தண்ணீரை நேராக இன்ஜினுக்குள் விட்டால் அரிப்பும் உப்புப் படிவும் வரும். இன்ஜின் சூடேறி சீஸ் ஆகும். உள்ளே கூலன்ட் சுற்ற வேண்டும். வெளித்தண்ணீர், கூலன்ட்டோடு கலக்காமல் சூட்டை மட்டும் வாங்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரோடு நிற்க வேண்டும். சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் தவறு: இன்ஜின் தேவையான சூட்டை எட்டாமல் டீசல் குடிக்கும், தேய்மானம் கூடும்.

கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைகால் விஷம். குழாய் கசிந்தால் வெந்நீரில் கலந்துவிடும். அதனால் அந்த வெந்நீர் குடிக்கவோ சமைக்கவோ ஆகாது. ஓடி நின்ற இன்ஜினின் ரேடியேட்டர் மூடியை உடனே திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். வெந்துவிட்டால் 20 நிமிடம் குளிர்ந்த குழாய்நீரைக் காட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். பேஸ்ட், மை எதுவும் தடவ வேண்டாம். சைலன்சருக்கு அருகே ஓலைக் கீற்று கூடாது. மூடிய அறைக்குள் புகை விட்டால் மணமில்லாத கார்பன் மோனாக்சைடு உயிரையே பறிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1000 கேவிஏ வரையிலான ஜெனரேட்டரின் கூண்டிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் சத்தம் 75 டெசிபலைத் தாண்டக்கூடாது. 100 கேவிஏ என்றால் புகைக்குழாய் கட்டடத்துக்கு மேல் 2 மீட்டர் உயர வேண்டும். கழிவு வெந்நீர், அது போய்ச் சேரும் நீரைவிட 5 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கலாகாது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் பவளப்பாறைகள் பக்கத்திலேயே இருப்பதை மறக்க வேண்டாம்.

பாதிக்கப்பட்டால்?

புகை, சத்தம், வெந்நீர்க் கழிவு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் படம், தேதி, நேரத்தோடு எழுதிக் கொடுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மனு தரலாம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

வேலையில் வெந்துபோன தொழிலாளிக்கு இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு; இஎஸ்ஐ உள்ளவர் அதன்வழி பெறலாம். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'வேலையிடத்தில் காயம்' என்று பதியச் சொல்லுங்கள்; பிறகு அது சான்றாக உதவும்.

பிழைப்புக்காகச் சுயதொழில் நடத்துபவர் வாங்கிய ஜெனரேட்டரில் குறை இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பில்லும் வாரண்டி அட்டையும் சர்வீஸ் பதிவேடும்தான் அங்கே உங்கள் சாட்சி.