பச்சிளங்குழந்தையின் காய்ச்சலை ஏன் காத்திருந்து பார்க்கக் கூடாது?

"பிள்ளைக்கு மேல் கொஞ்சம் சுடுது டொக்ரர், கல்போலைக் குடுத்துப் பாப்பமோ?" இலண்டனில் எமது சிகிச்சை நிலையத்திற்கு அடிக்கடி வரும் தொலைபேசிக் கேள்வி இது. பிள்ளைக்கு மூன்று வயது என்றால் பெரும்பாலும் ஓம் என்போம். மூன்று வாரம் என்றால், மருந்து கொடுத்துப் பார்க்க வேண்டாம், இப்போதே வைத்தியசாலையில் காட்ட வேண்டும் என்போம். ஒரே காய்ச்சலுக்கு ஏன் இரண்டு விதமான பதில் என்று அம்மம்மாமார் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்கான விடை குழந்தையின் குருதியில் இருக்கிறது.

நோயெதிர்ப்பு என்றதும் வெண்குழியங்களும் பிறபொருளெதிரிகளும்தான் எமக்கு நினைவுக்கு வரும். இவற்றோடு மூன்றாவதாக ஒரு படையும் உண்டு. ஆங்கிலத்தில் கொம்ப்ளிமென்ற் என்பர். தமிழில் நிரப்புப் புரதங்கள் எனலாம். முப்பதுக்கும் மேற்பட்ட இப்புரதங்களில் பெரும்பாலானவற்றை ஈரலே செய்கிறது. பெல்ஜியம் நாட்டு விஞ்ஞானி ஜூல் போர்டே 1890களில் இவற்றின் வேலையைத் தெளிவாக்கி, 1919ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

இவை செய்யும் வேலைகளில் இரண்டை மட்டும் பார்ப்போம். சி-3 என்ற புரதம் கிருமியின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஊரில் மாட்டுக்குக் குறி சுடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். குறி விழுந்த கிருமியை வெண்குழியங்கள் எளிதாக அடையாளம் கண்டு விழுங்கிவிடும். அடுத்தது, கிருமியின் தோலில் நேரடியாகத் துளை போடுவது. இதற்குப் பல சி-9 புரதங்கள் வளையமாகச் சேர வேண்டும். துளை விழுந்ததும் நீர் உட்புகுந்து கிருமி வெடித்துவிடும்.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தையிலும் இப்புரதங்களில் பல, வளர்ந்தவர்களின் அளவில் ஏறத்தாழப் பாதி முதல் முக்கால் பங்கு வரையே இருக்கும். துளை போடும் சி-9 இன்னும் குறைவு. ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். குறைமாதக் குழந்தைகளில் எல்லாமே மேலும் குறைவு. தாயிடமிருந்து வரக்கூடாதா என்றால், வராது. தாயின் பிறபொருளெதிரிகளில் ஒரு வகை, முக்கியமாகக் கடைசி மூன்று மாதங்களில், நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. நிரப்புப் புரதங்கள் அப்படிப் போவதில்லை. குழந்தை தன் ஈரலைக் கொண்டு தானே செய்துகொள்ள வேண்டும். பெரியவர்களின் அளவை எட்ட ஆறு முதல் பதினெட்டு மாதங்கள் வரை எடுக்கும்.

இந்த இடைவெளியைச் சில கிருமிகள் நன்றாகவே பயன்படுத்துகின்றன. குரூப்-பி ஸ்ரெப்ரோகொக்கஸ் என்ற கிருமி ஐந்து பெண்களில் ஒருவரிடமாவது எந்தத் தொல்லையும் தராமல் வாழ்கிறது. அதன் மேலுறையில் எமது உடற்கலங்களில் உள்ளதைப் போன்றே ஒரு சர்க்கரைப் பொருள் இருப்பதால், நிரப்புப் புரதங்கள் அதை 'எங்கட ஆள்' என்று விட்டுவிடுகின்றன. ஏற்கனவே பலம் குறைந்த குழந்தைக்கு இது பேராபத்து. முன்பு பிறந்த பிள்ளைக்கு இத்தொற்று வந்திருந்தால் மருத்துவிச்சியிடம் கட்டாயம் சொல்லுங்கள். பிரசவ வேளையில் தாய்க்கு அன்ரிபயோற்றிக் ஏற்றுவார்கள்.

வைத்தியசாலையில் பெற்றோர் அதிகம் பயப்படுவது முள்ளந்தண்டில் ஊசி குத்தி நீர் எடுப்பதற்குத்தான். "கால் விளங்காமல் போகுமாம்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஊசி போவது முண்ணாண் முடியும் இடத்திற்குக் கீழே. கால் விளங்காமல் போகும் என்ற பயம் வேண்டாம். பெரியவரில் சிறுநீரோடு நின்றுவிடும் ஈ-கோலை கிருமி, பச்சிளங்குழந்தையில் குருதியில் கலந்து மூளையுறை வரை போகலாம். அதைக் கண்டறியவே அந்த ஊசி. சில காலத்திற்கு முன் ஒரு தாய், "காய்ச்சல் இல்லை, ஆனால் இரண்டு தரம் பால் குடிக்கவில்லை" என்று மூன்று வாரக் குழந்தையைக் கொண்டுவந்தார். வீட்டில் விருந்தினர் போகட்டும் என்று சொன்னார்களாம். அவர் கேட்கவில்லை. குருதியில் ஈ-கோலை இருந்தது. இன்று அந்தப் பிள்ளை நேர்சரிக்குப் போகிறது.

தாயால் கொடுக்கக்கூடியதும் நிறைய உண்டு. முதல் நாட்களில் ஊறும் மஞ்சள் நிறக் கடும்புப்பாலை ஊற்றிவிடும் பழக்கம் சில குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். குழந்தையின் குடலைக் காக்கும் பிறபொருளெதிரிகள் அதில்தான் செறிந்துள்ளன. தாய்ப்பாலிலும் நிரப்புப் புரதங்கள் இருக்கின்றன. குட்டி எலிகளின் குடலில் அவை தீய பற்றீரியாக்களைக் கட்டுப்படுத்துவதை 2024இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. பிரித்தானியாவில் கர்ப்பிணிகளுக்கு 16ஆம் வாரத்திலிருந்து குக்கல் தடுப்பூசியும், 2024 செப்டெம்பர் முதல் 28ஆம் வாரத்திலிருந்து ஆர்.எஸ்.வி. தடுப்பூசியும் போடப்படுகின்றன. இரண்டின் பயனும் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகிறது. குக்கல் கிருமியைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவரும் அதே போர்டேதான். 2024இல் இங்கிலாந்தில் குக்கல் பரவியபோது பச்சிளங்குழந்தைகள் இறந்ததையும் மறக்க வேண்டாம்.

முப்பத்தொன்று கழியும்வரை பிள்ளை பார்க்க அதிகம் பேர் வராத எமது வழக்கம், துடக்கு என்ற பெயரில் இருந்தாலும், பலன் நல்லதே. இங்கோ பிள்ளை வீட்டுக்கு வந்த அன்றே வரவேற்பறை நிறைந்துவிடுகிறது. தடிமன், இருமல் உள்ளவர்கள் பிறகு வரட்டும். உதட்டோரம் கொப்புளம் உள்ளவர் குழந்தையைக் கொஞ்சவே கூடாது. அந்த வைரசு பச்சிளங்குழந்தையின் உயிரையே எடுக்கக்கூடியது. இதைச் சொல்லத் தாய்க்குச் சங்கடமாக இருக்கும். தகப்பனோ பேரனாரோ சொல்லலாம்.

மூன்று மாதத்திற்குக் குறைந்த குழந்தைக்கு வெப்பமானியில் 38 பாகை அல்லது கூடுதலாகக் காட்டினால் உடனே எம்மை அல்லது 111ஐ அழையுங்கள், நள்ளிரவானாலும். 36க்குக் குறைந்தாலும் அவ்வாறே. பலம் குறைந்த குழந்தைகள் தொற்று வரும்போது காய்ச்சுவதற்குப் பதில் குளிர்ந்துபோவதுண்டு. பால் குடிக்க மறுத்தல், வழமைக்கு மாறான முனகல் ஆகியவற்றுக்கும் காய்ச்சலை எதிர்பார்த்திருக்க வேண்டாம். எழுப்பினாலும் எழும்பாவிட்டால், மூச்சுவிடச் சிரமப்பட்டால், தோல் நீலம் பாரித்தால், அல்லது கண்ணாடிக் குவளையை அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் 999. விதிவிலக்கு ஒன்றுதான்: மென்-பி ஊசி போட்ட இரண்டு நாட்களுக்குள் காய்ச்சல் வருவது வழமை. அப்போது மட்டும் தாதி சொன்ன அளவில் கல்போல் கொடுக்கலாம். அந்த நாட்களிலும் பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் ஊசியின் மேல் பழியைப் போடாமல் எம்மை அழையுங்கள்.