லாரி ஓனர் ஏன் ஒரே பிராண்டை வாங்குறார்?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் போறவங்க கவனிச்சிருக்கலாம். ரோட்டோரம் நிக்கிற லாரிகள்ல நிறைய அசோக் லேலண்ட். வடக்கே, கிழக்கே போனா டாடா ராஜ்ஜியம். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே எடையைத் தூக்குற வண்டிதான். அப்புறம் ஏன் பத்து லாரி வச்சிருக்கிற ஒருத்தர்கிட்ட பத்தும் ஒரே பிராண்டா இருக்கு?

மெக்கானிக்கல் படிக்கிற நாம உடனே ஹார்ஸ்பவர், டார்க், மைலேஜ்னு ஆரம்பிப்போம். ஓனருக்கு அதைவிடப் பெரிய கவலை ஒண்ணு இருக்கு: வண்டி நின்னுட்டா எத்தனை நாள்ல திரும்ப ஓடும்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு லாரி மாசம் 10,000 கிலோமீட்டர் ஓடுதுன்னு வச்சுக்கலாம். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தா 2,500 லிட்டர் டீசல் வேணும். 4.2 கொடுக்கிற வண்டிக்கு சுமார் 2,381 லிட்டர் போதும். டீசல் 92 ரூபாய்னா, மாசம் 11,000 ரூபாய் மிச்சம். நல்ல லாபம்தான். ஆனா டியூ, இன்சூரன்ஸ், டிரைவர் சம்பளம் எல்லாம் சேர்த்து மாசம் 1,20,000 ரூபாய்னா, வண்டி சும்மா நிக்கிற ஒவ்வொரு நாளும் 4,000 ரூபாய் காலி. மூணு நாள் நின்னா அந்த மாச மைலேஜ் லாபம் மொத்தமும் போச்சு. கைவிட்டுப் போன லோடு வாடகை இதுல சேரவே இல்லை.

இதைத்தான் மெயின்டனன்ஸ் பாடத்துல 'அவெய்லபிலிட்டி'ன்னு படிக்கிறோம். ஒரு வண்டி 60 நாளுக்கு ஒரு தடவை பழுதாகி, சரியாக 6 நாள் ஆகுதுன்னா, அது 91 சதவீத நாள்தான் ஓடும். இன்னொண்ணு 40 நாளுக்கு ஒரு தடவை பழுதாகுது, ஆனா ஒரே நாள்ல ரெடி. அது 97.5 சதவீதத்துக்கு மேல ஓடும். அடிக்கடி பழுதாகிற வண்டிதான் அதிக நாள் ஓடுது!

அந்த 'ஒரே நாள்' எங்கிருந்து வருது? பக்கத்துல பார்ட்ஸ் கடை இருக்கணும், அந்த இன்ஜினைக் கழட்டி மாட்டிப் பழகின மெக்கானிக் இருக்கணும். இதெல்லாம் ஒரு ஊர்ல சேர பல வருஷம் ஆகும். லேலண்டின் முன்னோடியான அசோக் மோட்டார்ஸ் 1948ல தொடங்கி, எண்ணூர்ல ஃபேக்டரி போட்டது. ஓசூர் ஃபேக்டரியும் பின்னால வந்தது. டாடா 1954ல ஜாம்ஷெட்பூர்ல லாரி தயாரிக்க ஆரம்பிச்சது. ஃபேக்டரியைச் சுத்தி டீலர், கடை, பட்டறைன்னு வளர்ந்தது. எல்லா வண்டியும் ஒரே பிராண்டா இருந்தா ஓனருக்கு இன்னொரு வசதி: ஒரு வண்டிக்கு வாங்கி வச்ச பார்ட் இன்னொண்ணுக்கும் ஆகும், டிரைவரையும் மாத்தி மாத்தி அனுப்பலாம். ஊர்ல எல்லாருக்கும் பழகின வண்டின்னா செகண்ட் ஹேண்ட்ல சீக்கிரம் விலைபோகும். அதனால ஃபைனான்ஸ்காரரும் தயங்காம கடன் கொடுப்பார்.

கம்பெனிகளுக்கும் இது தெரியும். 2017ல பிஎஸ்4 நாடு முழுக்க வந்தப்ப, போட்டிக் கம்பெனிகள் பெரிய லாரிகளுக்கு யூரியா கரைசல் ஊத்துற எஸ்சிஆர் முறைக்குப் போனாங்க. லேலண்ட் பழைய இன்லைன் பம்பையே வச்சு ஐஇஜிஆர்னு ஒரு முறையைக் கொண்டுவந்தது. பழகின மெக்கானிக்கே பார்த்துடலாம்ங்கிறதுதான் அதோட பெரிய பலம்.

2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்ததும் கதை மாறிடுச்சு. இப்ப எந்த பிராண்டா இருந்தாலும் சென்சார், யூரியா டேங்க், எலக்ட்ரானிக் கண்ட்ரோல் எல்லாம் உண்டு. ஒரு சென்சார் கெட்டாலே இன்ஜின் பவரைக் குறைச்சுக்கலாம். ஸ்பேனர் மட்டும் வச்சிருக்கிற பட்டறைக்காரரால ஒண்ணும் பண்ண முடியாது, ஸ்கேனர் வேணும். அதனால போட்டி இப்ப சர்வீஸ் பக்கம் திரும்பியிருக்கு: ஹைவேல எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் சென்டர், கூப்பிட்டா எவ்வளவு நேரத்துல ஆள் வருவாங்க? 2012ல ஓரகடத்துல இருந்து வந்த பாரத்பென்ஸ் மாதிரி புது பிராண்டுகளுக்கு இது ஒரு வாய்ப்பு.

நஷ்டம் யாருக்குன்னா, பட்டறைக்காரருக்கும் ஒத்த வண்டி ஓனருக்கும். நூறு வண்டி வச்சிருக்கிறவர் கம்பெனிகிட்ட சர்வீஸ் ஒப்பந்தம் பேசி வாங்கிடுவார். ஒரே லாரியைக் கடன்ல ஓட்டுறவருக்கு சர்வீஸ் சென்டர் வரிசையில நிக்கிற ஒவ்வொரு நாளும் டியூ ஏறும். நாளைக்கு நம்மள்ல யாராவது வண்டி டிசைன் பண்ற வேலைக்குப் போனா, பவரோட சேர்த்து இதையும் கேட்கணும்: இது ராத்திரி ஹைவேல நின்னா, யார், எவ்வளவு நேரத்துல சரிபண்ணுவாங்க?