கூலிக்கு வேண்டும், ஊருக்கு வேண்டாம்

உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகிற சாலையில் இருக்கிறது அனுமந்தன்பட்டி. விடிவதற்கு முன்பே இந்தச் சாலையில் ஜீப்புகள் ஓடத் தொடங்கிவிடும். உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு பெண்கள், மடியில் தூக்குச்சட்டி. கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மலையேறி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் இறங்குவார்கள். ஏலச்செடி உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து தரையோடு தரையாக ஓடும் சரத்தில்தான் காய் பிடிக்கும். நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும், முற்றிய காயை மட்டும் பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டும். மழைக்காலத்தில் கால் விரலிடுக்கில் அட்டை ஏறும். பொழுது சாயும்போது மலையிறங்கி வந்து அதற்கப்புறம் உலை வைப்பார்கள். இந்தக் கைகள் ஒரு வாரம் வராவிட்டால் என்ன ஆகும் என்பது தோட்டக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

2011 டிசம்பரில் இந்த ஜீப்புகள் நின்றன. தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணை உடைந்துவிடும் என்று அங்கே அச்சம். தண்ணீர் போய்விடும் என்று இங்கே அச்சம். இரண்டையும் நான் குறை சொல்ல மாட்டேன். 1895-ல் கட்டி முடித்த அணைக்குக் கீழே குடியிருப்பவருக்குத் தூக்கம் வராமல் இருக்கலாம். அந்தத் தண்ணீரை நம்பி நாற்று விடுகிறவருக்கும் அப்படித்தான். பதில் சொல்ல வேண்டியவர்கள் பொறியாளர்களும் நீதிபதிகளும். நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என்று 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பும் சொன்னது. ஆனால் அந்த டிசம்பரில் பதில் சொல்லும்படி ஆனது, காய் எடுக்கப் போன பெண். தமிழ்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டார்கள். குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் காட்டுப் பாதையில் இறங்கித் தேனி மாவட்டத்துக்கு ஓடிவந்தன. இங்கிருந்து ஆயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கிக் கிளம்ப, போலீஸ் தடுத்தது. தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் அடித்து நொறுக்கப்பட்டன. டீ ஆற்றிக்கொண்டிருந்தவருக்கும் அணைக்கும் என்ன சம்பந்தம்?

ஒருவரையொருவர் அறியாததால்தான் இந்த வெறுப்பு, பழகினால் போய்விடும் என்று சொல்வார்கள். மலைக்கு மேலும் கீழும் பழக்கத்துக்குக் குறைவே இல்லை. ஒரே தோட்டத்துக்குப் பல வருஷம் போய்வரும் பெண்ணின் பிள்ளைகள் பெயர் வரைக்கும் அங்கே தெரியும். கல்யாணத்துக்கு மொய்யும் வரும். அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-ல் எழுதிய நூலில் இதைத் தெளிவாகச் சொன்னார்: பழக்கம் மட்டும் வெறுப்பைக் கரைக்காது, இருவரும் சம நிலையில் நின்று, ஒரே காரியத்துக்காகப் பழக வேண்டும், சட்டமும் அதிகாரமும் அதற்குத் துணை நிற்க வேண்டும். ஒருவர் கூலி கொடுக்க, இன்னொருவர் தலை குனிந்து வாங்க, அதில் வளர்வது பாசமாகக்கூட இருக்கலாம். ஒரு பதற்றம் வந்தால் அந்தப் பாசம் தாங்காது.

அப்படியானால் வேர் எங்கே? பின்னாளில் டிரினிடாட் பிரதமரான எரிக் வில்லியம்ஸ் 1944-ல் ஒரு வாதத்தை வைத்தார். கறுப்பர்கள் தாழ்ந்தவர்கள் என்று நம்பி அவர்களை அடிமையாக்கவில்லை. கரும்புத் தோட்டத்துக்கு மலிவான உழைப்பு வேண்டியிருந்தது, அடிமையாக்கிய பிறகுதான் அதை நியாயப்படுத்த நிறத்தைப் பற்றிய கதைகள் பிறந்தன. இதை முழுதாக ஏற்காத வரலாற்றாசிரியர்கள் உண்டு. நம் பக்கத்து வரலாற்றைப் பார்க்கும்போது எனக்கு அவர் சொன்னது சரியென்றே படுகிறது.

பிரமலைக் கள்ளர் சாதியினருக்கு நடந்தது அதுதான். ஊர்க்காவல் அவர்களுடைய பரம்பரை உரிமை. அதற்கு ஊரார் கூலி கொடுத்தார்கள். அந்த இடத்தில் தன் போலீஸை உட்கார வைக்க வெள்ளை அரசாங்கத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. 1871-ல் வடக்கே பிறந்த குற்றப் பழங்குடிச் சட்டம் 1911-க்குப் பிறகு இங்கும் வந்தது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளையும் பிறவிக் குற்றவாளி. ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும், இரவில் குறித்த இடத்தில் வந்து படுக்க வேண்டும். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் பல சாதிக்காரர்களின் மண்டையையும் மூக்கையும் அளந்து கணக்கெழுதி முடித்துச் சில வருஷங்களே ஆகியிருந்தன. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போக 1947 ஆனது.

இவ்வளவு பட்ட மண், அடுத்தவரைப் பிறப்பை வைத்து அளக்காது என்று எதிர்பார்ப்போம். ஆனால் அப்படி இல்லை. 1989-ல் போடியில் வெடித்த சாதிக் கலவரம் உயிர்களைக் குடித்தது. களையெடுக்க, திராட்சை வெட்ட, நாற்று நட காலனியிலிருந்து ஆள் வேண்டும். அந்த ஆள் திண்ணையில் சமமாக உட்கார்ந்தால் சகிக்க முடியாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கூலி உயர்த்திக் கேட்டால், பிள்ளை படித்துப் பைக் வாங்கினால் கோபம் வருகிறது. சும்மா இருந்த வரைக்கும் 'நல்ல பிள்ளைகள்' என்று சொன்ன வாய்தான் அது. தன் இடம் பறிபோகிறது என்ற பயத்தைத்தான் சாதிப் பெருமை என்ற பெயரில் காட்டுகிறார்கள்.

இப்போது புதிதாக வந்திருப்பவர்கள் வடமாநிலத் தொழிலாளர்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகாரிகள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. வீடியோ பொய். ஆனால் 'வடக்கன் வந்து நம்ம வேலையைப் பறிக்கிறான்' என்ற பேச்சு பொய்யில்லை, எந்த டீக்கடையிலும் கேட்கலாம். மலைக்கு மேலே நம்மைப் 'பாண்டி' என்று இளக்காரமாகச் சொல்லும்போது எரிகிற அதே நெஞ்சிலிருந்து இது வருகிறது. குறைந்த கூலிக்கு ஆளை வரவழைத்தவரை யாரும் திட்டுவதில்லை. கூலி நிர்ணயிப்பவர் எட்டாத உயரத்தில் இருக்கிறார், பீகார்ப் பையன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறான்.

எட்டாத உயரத்தில் இருப்பவரையே எதிர்த்துக் கேட்டவர்களும் உண்டு. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களில் 20 சதவீத போனஸை நிர்வாகம் 10 ஆகக் குறைத்தபோது, பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், பலர் தலித்துகள். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே விடவில்லை. 'பெண்பிளை ஒருமை' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். கேரளத்தின் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் மூணாறு வந்து அவர்களோடு உட்கார்ந்தார். வெட்டிய போனஸ் திரும்ப வந்தது. 232 ரூபாய் தினக்கூலியை 500 ஆக்கச் சொல்லி மீண்டும் போராடினார்கள்; 301 வரை உயர்ந்தது. மீதிக்கு இன்னொரு போராட்டம் தேவைப்படும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.