உங்களுக்குத் தெரியுமா? பலிபீடம் என்னும் மேசை

வாஷிங்டன் தேசியப் பேராலயம் ஆங்கிலிக்க மரபைச் சேர்ந்த அமெரிக்க எபிஸ்கோப்பல் திருச்சபைக்குச் சொந்தமானது. 1907இல் அடிக்கல் நாட்டி 1990இல்தான் கட்டி முடித்தார்கள். அதன் பிரதான பலிபீடத்துக்கு ‘எருசலேம் பலிபீடம்’ என்று பெயர். எருசலேமுக்கு அருகே வெட்டி எடுத்த 12 கற்களால் ஆனது. சாலொமோன் ஆலயத்துக்கே கல் தந்த சுரங்கம் அது என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. பலிபீடத்துக்கு முன்னால் தரையில் சீனாய் மலையிலிருந்து வந்த 10 கற்கள் பதிந்திருக்கின்றன, கட்டளைக்கு ஒன்றாக.

அதே பேராலயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது குழந்தைகளின் சிற்றாலயம். ஆறு வயதுப் பிள்ளையின் உயரத்துக்கு அளவெடுத்துக் கட்டியது. பலிபீடம், நாற்காலி, ஆர்கன் எல்லாமே குட்டி. முழங்கால் போடும் மெத்தைகளில் மிருகங்களின் தையல் உருவங்கள். பிள்ளை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. பலிபீடம் அதன் கைக்கெட்டும் உயரத்திலேயே இருக்கிறது.

எபிஸ்கோப்பல் திருச்சபையின் 1979ஆம் ஆண்டு ஜெபப் புத்தகம், நற்கருணை ஆராதனையின்போது திருமேசைமேல் சுத்தமான வெள்ளைத் துணி விரிக்கச் சொல்கிறது. பல ஆலயங்களில் அந்தத் துணியில் ஐந்து சிலுவைகள் தைத்திருக்கும். கிறிஸ்துவின் ஐந்து காயங்களுக்கு அடையாளம். மடித்தால் கோடு விழும் என்று அதைக் குழலில் சுருட்டி வைப்பார்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொள்வது பலிபீடக் குழு என்ற தன்னார்வலர்கள். நற்கருணைப் பாத்திரம் துடைத்த துணியை நேராகச் சோப்புத் தண்ணீரில் போடமாட்டார்கள். முதலில் வெறும் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைத் தனித் தொட்டியில் ஊற்றுவார்கள். அதன் குழாய் சாக்கடைக்குப் போகாது. நேரே மண்ணுக்குள் இறங்கும். துணியில் ஒட்டிய ஒரு துளி திராட்சரசத்துக்கும் அவ்வளவு மரியாதை!

முன்பு பலிபீடம் சுவரோடு ஒட்டியிருந்தது. குருவானவர் சபைக்கு முதுகு காட்டியே ஜெபிப்பார். இன்று பெரும்பாலான ஆலயங்களில் அதை முன்னே நகர்த்தியிருக்கிறார்கள். நகர்த்த முடியாத இடங்களில் புதிய மேசை போட்டிருக்கிறார்கள். இந்த மாற்றத்தில் நம் ஊருக்கும் பங்குண்டு. 1947இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1950இல் வெளியிட்ட நற்கருணை முறைமையில் குருவானவர் மேசைக்குப் பின்னே, சபையைப் பார்த்து நின்றார். பிற நாட்டு ஆங்கிலிக்கச் சபைகள் தங்கள் ஆராதனை முறைகளைத் திருத்தியபோது அதை ஊன்றிப் படித்தன.

பெரிய வியாழன் இரவு நற்கருணை முடிந்ததும் பலிபீடத்திலிருந்து சிலுவை, மெழுகுவர்த்தி, விரிப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார்கள். விளக்குகளும் மங்கும். மக்கள் பேசாமல் கலைவார்கள். பெரிய வெள்ளியன்று புதிதாக நற்கருணை பிரதிஷ்டை கிடையாது. கொடுப்பதானால் முந்தின இரவு எடுத்து வைத்ததையே கொடுப்பார்கள். சனிக்கிழமை பகலில் அதே குழுவினர் இஸ்திரி போட்ட வெள்ளைத் துணியோடு திரும்பி வருவார்கள், உயிர்ப்பு இரவு ஆராதனைக்கு மேசையை ஆயத்தப்படுத்த.