கொசுவுக்கு மீன் விடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

நம்ம நேயர்கள் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வி: "வீட்டுத் தொட்டியில கொசுப்புழு நெளியுது, ஏரியில இருந்து குட்டி மீன் பிடிச்சு விடலாமா?" அது எந்த மீன் என்பதைப் பொறுத்துத்தான் பதில்.

நானே தப்பு பண்ணியிருக்கேன். காலேஜ் நாட்கள்ல, கால்வாயில பிடிச்ச பத்துப் பன்னிரண்டு சாம்பல் நிற மீன்களை கப்பின்னு நம்பி, பாட்டி வீட்டு அல்லித் தொட்டியில விட்டேன். வருஷாவருஷம் மழைக்கு அங்க தலைப்பிரட்டை நிறைஞ்சிருக்கும். அடுத்த மழையில மீன் மட்டும்தான் இருந்தது. அது கப்பி இல்லை, கம்பூசியா.

நம்ம ஊர்த் தண்ணியில மேற்பரப்பை ஒட்டியே நீந்துற குட்டி மீன்கள்ல மூணைத்தான் அதிகம் குழப்பிக்கிறோம். கம்பூசியா வட அமெரிக்க மீன். மலேரியாவை ஒழிக்க இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கப்பி தென் அமெரிக்க மீன். மூணாவது நம்ம மண்ணின் மீன், அப்லோகீலஸ். மலையாளத்துல இதுக்கு அழகான பேர் இருக்கு: மானத்துக்கண்ணி. வானத்தைப் பார்க்கிற கண்ணுக்காரி!

அளவையும் நிறத்தையும் நம்பாதீங்க. மூணுலயும் விரல் நீளத்துக்குள்ள, மங்கலான மீன்கள் உண்டு.

முதல்ல கரையில நின்னு மேலிருந்து பாருங்க. உச்சந்தலையில வெள்ளிப் பொட்டு மாதிரி ஒரு புள்ளி மின்னினா, அது பெரும்பாலும் அப்லோகீலஸ். மத்த ரெண்டுக்கும் அந்தப் பொட்டு கிடையாது.

பொட்டு இல்லைன்னா, ஒரு கண்ணாடி பாட்டில்ல விட்டு, பக்கவாட்டுல பாருங்க. வயிறு உப்பின பெண் மீனா இருக்கணும். ஆண் மீன்கள்ல அடித்துடுப்பு குச்சி மாதிரி மாறி முன்னால தள்ளியிருக்கும், அதை வெச்சுப் பார்த்தா குழம்பிடும். பெண் மீன்ல முதுகுத் துடுப்பு, அடித்துடுப்பு ஆரம்பிக்கிற இடத்துக்குத் தெளிவா பின்னால ஆரம்பிச்சா கம்பூசியா. கிட்டத்தட்ட நேர் மேலயோ சற்று முன்னாலயோ ஆரம்பிச்சா கப்பி. இன்னொரு அடையாளம், கம்பூசியா வால்ல பொடிப்பொடியா கரும்புள்ளி வரிசை தெரியும். கூட்டத்துல கலர் வால் ஆண் மீன் இருந்தா, அங்க கப்பி இருக்குன்னு அர்த்தம்.

இவ்வளவு மெனக்கெடணுமா? கம்பூசியா கொசுப்புழுவோட நிறுத்திக்காது. தவளை முட்டை, தலைப்பிரட்டை, மத்த மீன்களோட குஞ்சு எல்லாத்தையும் தின்னும். முட்டையிடாது, நேரா குட்டி போடும். பெண் மீன் விந்தைச் சேமிச்சு வெச்சுக்கும். அதனால சினையான ஒரே ஒரு மீன் போதும், ஒரு குளமே நிறைஞ்சிடும். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்கள் பட்டியல்ல இதுவும் இருக்கு.

சரி, அப்போ கொசுவுக்கு? தண்ணித் தொட்டியை இறுக்கமா மூடுங்க, இல்லைன்னா வலை கட்டுங்க. மூட முடியாத அல்லித் தொட்டின்னா, அதே ஊர்த் தண்ணியில இருக்கிற அப்லோகீலஸ் போதும். அதுவும் கொசுப்புழுவை நல்லாவே தின்னும். கம்பூசியாவோ கப்பியோ, வீட்டுல வளர்க்கிறது எதையும் ஏரியில கொட்டாதீங்க.

இந்த வாரம் பக்கத்துக் குளத்துக்குப் போய் அந்த வெள்ளிப் பொட்டைத் தேடிப் பாருங்க. தெரிஞ்சா போட்டோ எடுத்து அனுப்புங்க. மீனைத் தண்ணியிலயே விட்டுடுங்க!